கேட் திறக்கும் காட்சி

கடலூரிலிருந்து படப்பெட்டி வந்தது 1988 பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் சினிமா காட்டுவது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம். பதினாறு எம்.எம். ப்ரொஜக்டரையும் மூன்று தகரப் பெட்டிகளையும் டவுன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார் ஆபரேட்டர் வீரமுத்து. இரண்டு பெட்டிகளில் காட்டு மிருகங்களைப் பற்றிய படம். மூன்றாவதில் கதைப்படம்.

"இத மட்டும் மொதல்ல நீங்க யாராவது பாத்துடுங்க சார்" என்றார் ஹெட்மாஸ்டரிடம். "நல்ல படம்தான். அடிதடி, ரத்தம் ஒண்ணும் கெடயாது. ஆனா தாயி செத்துப்போற கதை. போன மாசம் ஒரு ஸ்கூல்ல போட்டுட்டு, மறுநாள் ஒரு அம்மா வந்து என் சட்டையப் புடிக்காத கொறை. 'எம்புள்ள ரெண்டு நாளா சோறு துன்னல, நீயும் செத்துடுவியாம்மான்னு கேட்டுக்கினே இருக்குது'ன்னாங்க. பெத்தவங்களைக் கேட்டுட்டுப் போடறது உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

ஹெட்மாஸ்டர் அந்தப் பொறுப்பை ஐந்தாம் வகுப்பு டீச்சர் ராஜாம்பாளிடம் தள்ளிவிட்டார். ராஜாம்பாளுக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கச்சிராயபாளையத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள். அவளுடைய ஏழு வயதில் அவள் அம்மா பிரசவத்தில் இறந்துபோனாள். அம்மா பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள், வந்துவிடுவாள் என்று வீட்டில் எல்லோரும் ஒரு வருஷம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாவைப் பிள்ளைகளிடம் மறைக்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

வியாழக்கிழமை மத்தியானம், ஜன்னல்களில் கோணிப்பையைத் தொங்கவிட்டு, ஐந்தாம் வகுப்பு அறையில் அவளும் வீரமுத்துவும் மட்டும் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார்கள். மடியில் நோட்டு வைத்து, மனசைத் தொந்தரவு செய்யும் என்று தோன்றியதையெல்லாம் குறித்துக்கொண்டாள்.

பெரிய கதை இல்லை. ஒரு சின்ன ஊர். அம்மா, அப்பா, ஒன்பது வயதுப் பெண். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. மாட்டுவண்டியில் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. கேட்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் தன் அறைக்கு ஓடி, ஸ்டேஷனுக்குப் போன் போட்டு ரயிலை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டைத் திறக்கிறார். வண்டி தாண்டும்வரை மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறார். அப்படியும் அம்மா பிழைக்கவில்லை. பிணத்தைக் காட்டவில்லை, ஒப்பாரி இல்லை. மறுநாள் காலையில் சுருட்டி வைத்த பாய் மட்டும். அப்புறம் அப்பா மகளுக்கு ஜடை பின்னக் கற்றுக்கொள்கிறார். கோணல்மாணலாக வருகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒரு நாள் அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரிக்கிறாள்.

பாயைப் பற்றி ராஜாம்பாள் குறித்துக்கொண்டாள். பிள்ளைகள் சிரிப்பதைக் குறித்துக்கொண்டாள். கேட் காட்சியைக் குறிக்கவில்லை. அதுதான் படத்திலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம்.

பார்த்துக்கொண்டிருந்த ஐம்பது நிமிஷமும் அவள் மனசில் ஓடியது கவியாவின் முகம். கவியா மலைப்பெண். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்தை ஒட்டிய விடுதியில் தங்கி ஐந்தாவது படித்தாள். ஐந்து மாதத்துக்கு முன்னால், இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததே, அந்த செப்டம்பரில் அவள் அப்பா காத்தான் இறந்துபோனான். தாங்க முடியாத வயிற்றுவலி. மலையிலிருந்து கட்டிலில் தூக்கி வந்து, அடிவாரத்தில் மாட்டுவண்டி பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ரோடு முழுக்கப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வண்டி திரும்பிவிட்டது. திரும்பும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

தீபாவளி கழிந்து கவியா திரும்பி வந்தபோது பேச்சு கம்மியாகியிருந்தது. படிப்பில் குறைவில்லை. பக்கத்தில் உட்காரும் இலக்கியா தன் டிபன் பாக்ஸில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிடுவாள். ரிப்பன், புதுப் பென்சில் எல்லாம் கவியா பைக்குப் போய்விடும். இந்தப் பிள்ளைக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு என்று ராஜாம்பாள் ஸ்டாஃப் ரூமில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெற்றவர்களை வரச்சொன்னாள். கரும்பு வெட்டு நேரம், யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தாள். இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். சந்தைக்குப் புளி கொண்டுவந்த கவியாவின் அம்மா வெள்ளச்சியும் வந்து, வாசற்படியோரம் காலி சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ராஜாம்பாள் படத்தின் கதையை முதலிலிருந்து கடைசிவரை மறைக்காமல் சொன்னாள்.

"பேய் கீய் வருமா டீச்சர்? எங்கூட்டுது பேயின்னா படுக்கையிலயே மூத்திரம் போயிடும்" என்றாள் ஒருத்தி.

"வராதுங்க."

"கடைசியில நல்லா முடியுதா?"

"செத்தவங்க திரும்பி வரமாட்டாங்க. ஆனா அந்தப் பொண்ணு எழுந்து பள்ளிக்கூடம் போகுது, சிரிக்குது. ஒண்ணாவது ரெண்டாவது படிக்கிறதுங்களுக்கு வேண்டாம். அதுங்களுக்குப் புரியாது, பயம் மட்டும் தங்கிடும். நாலாவது, அஞ்சாவது பார்க்கலாம்னு நான் நினைக்கிறேன். அன்னிக்கு ராத்திரி பிள்ளைங்க எது கேட்டாலும் வாயை மூடச் சொல்லாம பதில் சொல்லுங்க. வீட்டுல சமீபத்துல சாவு நடந்திருந்தா, முன்னாடியே எங்கிட்ட வந்து சொல்லிடுங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியா யோசிச்சுத்தான் முடிவு பண்ணணும்."

இலக்கியாவின் அப்பா சின்னராசு எழுந்தார். ஊரில் மதிப்பான விவசாயி. மறியலில் அந்தப் பக்கத்து ரோட்டை மறித்தவர்களுக்கு முன்னால் நின்றவர். அதற்காக இருபத்தெட்டு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர். அவர் பேசினால் மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள்.

"இந்தப் படம் வேணாங்க டீச்சர். புலி, யானை படம் இருக்குதுன்னீங்களே, அதப் போடுங்க. சின்னப் புள்ளைங்களுக்கு சாவு கதை எதுக்கு?"

"சாவு ஊர்ல நடக்காததா? புள்ளைங்க பார்க்காததா?"

"பாத்தது போதும்னுதான் சொல்றேன்."

"எந்தப் பிள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லுங்க. அந்தப் பிள்ளையை மட்டும் வெளியில உட்காரவெச்சுக்கறேன்."

சின்னராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் அவர் மனைவி பச்சையம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாம்பாள் வெள்ளச்சியைப் பார்த்தாள். காத்தானின் வண்டி திரும்பிய ரோடு சின்னராசு நின்ற ரோடுதான் என்பது ஊருக்கே தெரியும். ராஜாம்பாளுக்குக் கோபம் வந்தது.

"யாருக்கு இந்தப் படத்தைப் பார்க்கப் பயம்னு எனக்குத் தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

சின்னராசு உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளச்சி மெல்லக் கேட்டாள். "அந்தப் படத்துல அப்பன் இருக்கறானா டீச்சர்?"

"இருக்கார்மா. அவர்தான் பொண்ணுக்கு ஜடை பின்னிவிடறாரு."

"அப்படின்னா எம்பொண்ணு பாக்கட்டும். அப்பன்னா இன்னா இன்னா செய்வான்னு பாத்துக்கட்டும்."

அதோடு முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் படம். வெயில் புகாமல் கோணிகளைக் கட்டினார்கள். நாலாவது, ஐந்தாவது சேர்ந்து எழுபது பிள்ளைகள். ராஜாம்பாள் கவியாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கவியாவின் இன்னொரு பக்கம் இலக்கியா. படம் ஓடத் தொடங்கியதிலிருந்து ராஜாம்பாள் திரையைப் பார்க்கவில்லை, கவியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா படுக்கையில் விழுந்தபோது கவியா முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர்கூட இல்லை. நாம் செய்தது சரிதான் என்று ராஜாம்பாள் நினைத்துக்கொண்டாள்.

திரையில் மாட்டுவண்டி கேட் முன்னால் வந்து நின்றது. கேட்காரர் எட்டிப் பார்த்தார், ஓடினார், திரும்பி வந்து கேட்டைத் திறந்தார். கயிற்றைப் பிடித்து மாட்டை நடத்தினார்.

இலக்கியா எழுந்து நின்றாள். அவள் நிழல் திரையில் விழுந்தது. பின்னாலிருந்து பிள்ளைகள், "ஏய், ஒக்காருடி, மறைக்குது" என்று கத்தினார்கள். அவள் உட்காரவில்லை.

"எங்கப்பா தொறக்கல" என்றாள். அப்புறம் இன்னும் சத்தமாக, "எங்கப்பா தொறக்கவே இல்ல" என்றாள்.

வீரமுத்து மெஷினை நிறுத்தினார். யாரோ ஒரு கோணியை விலக்கினார்கள். ராஜாம்பாள் இலக்கியாவைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள். அவளோ கவியாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் அங்க இருந்தேன் கவியா. அப்பாவுக்கு சோறு எடுத்துக்கினு போனேன். மழை பெய்ஞ்சிக்கினு இருந்துது. உங்கப்பா வண்டியில படுத்துக்கினு கத்துனாரு, வாந்தி எடுத்தாரு. கூட வந்தவங்க கும்புட்டாங்க. மரத்துக்கு அந்தாண்ட தூக்கிவுடுங்க, வேற வண்டி பாத்துக்கறோம்னாங்க. எங்கப்பா, 'மலைச்சாராயத்த ஊத்திக்கினு உருள்றான், திருப்பிக்கினு போங்க'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். உங்கப்பான்னு எனக்குத் தெரியும். ஆஸ்டலுக்குப் பலாப்பழம் கொண்டாந்தாரே, எனக்கும் ஒரு சுளை குடுத்தாரே. தெரிஞ்சும் நான் சொல்லல."

ராஜாம்பாள் நடுவிலேயே நிறுத்தியிருக்கலாம். ஒரு கை நீட்டி அந்தப் பிள்ளையின் வாயைப் பொத்தியிருக்கலாம். பின்னால் எத்தனையோ தடவை அதை நினைத்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கையே எழவில்லை.

கவியா எழுந்தாள். பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். அவளுக்கு வழிவிட்டுப் பிள்ளைகள் ஒதுங்கினார்கள். நேராக விடுதிக்குப் போய்த் தன் தகரப் பெட்டியில் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள்.

ஒரு மணி நேரத்தில் சின்னராசும் பச்சையம்மாளும் வந்துவிட்டார்கள். இலக்கியாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பச்சையம்மாள் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டாள். பத்து வயதுப் பெண், கால்கள் அவள் முழங்கால்வரை தொங்கின.

"பெத்த அப்பனப் பத்தி ஊர் புள்ளைங்க எதிர்ல சொல்லவெச்சிட்டீங்களே டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சின்னராசு போகவில்லை. வகுப்பறை வாசலில் நின்றார்.

"எம்பொண்ணு செப்டம்பர்லருந்து சரியா தூங்கறதில்ல. அலறி எழுந்துக்கும். இன்னாம்மான்னா சொல்லாது. எனக்கு அது ஏன்னு தெரியும், எங்கூட்டுக்காரிக்கும் தெரியும். அதுக்கோசரம்தான் வேணாம்னேன். ஊரு எதிர்ல காரணத்த எப்படிச் சொல்லுவேன்? நான் என் மானத்துக்குப் பயந்தேன்னு நெனச்சிக்கினீங்க."

"ஆமாம். அப்படித்தான் நினைச்சேன்" என்றாள் ராஜாம்பாள்.

"அதுவும் இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. எம்பொண்ணு படிச்சு ஒரு வேலைக்குப் போவணும்னுதான் ரோட்ல போய் ஒக்காந்தேன். அது தப்புன்னு இன்னிக்கும் சொல்லமாட்டேன். ஆனா அந்த ஆளப் பாத்து நான் சொன்ன வார்த்தை... அவரு குடிச்சிருக்கறாருன்னு நான் நெஜமாவே நெனச்சேன் டீச்சர். கிட்டப் போயி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் கிட்டப் போவல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளச்சி வந்தாள். விடுதியில் வேலை செய்கிற ஒருவர் போய்ச் சொல்லியிருக்கிறார். அவள் யாரையும் ஏசவில்லை. மகளின் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ராஜாம்பாள் மலைக்குப் போனாள். வெள்ளிமலையில் இறங்கி மூன்று மைல் நடை. வெள்ளச்சி வீட்டின் முன்னால் சாமை குத்திக்கொண்டிருந்தாள். கவியா முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"ஒக்காருங்க டீச்சர்" என்று வெள்ளச்சி ஒரு பாயை விரித்தாள். உலக்கையை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

கவியாதான் முதலில் கேட்டாள். "அந்தப் பொண்ணோட அம்மா பொழச்சிக்கிச்சா டீச்சர்? நான் பாதியில வந்துட்டேன்."

"இல்லம்மா. பிழைக்கல."

"கேட்டு தொறந்தாங்களே?"

"திறந்தாங்க. அப்படியும் பிழைக்கல."

மிச்சக் கதையையும் கேட்டாள். ராஜாம்பாள் சொன்னாள். சுருட்டி வைத்த பாய், கோணல் ஜடை, சிரித்த பிள்ளைகள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உலக்கைச் சத்தம் நின்றுவிட்டது. வெள்ளச்சி உலக்கையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல படமாத்தான் இருக்குது" என்றாள். "உங்க மேல எனக்கு வருத்தமில்ல டீச்சர். மரத்த வெட்டிப் போட்டவங்க மேலயும் அப்ப வருத்தமில்ல. இன்னாவோ அவங்க கஷ்டம், அவங்க கேட்டாங்க. எங்க நேரம், அந்த நாள்ல நோவு வந்துச்சுன்னு இருந்துட்டேன். கூடப் போனவங்க யாரும் அந்த சாராயப் பேச்ச எங்கிட்ட சொல்லல. எனக்குத் தாங்காதுன்னு மறைச்சிட்டாங்க. அவரு குடிக்கமாட்டாரு டீச்சர். எங்கூரு ஆம்பளைங்கள்லயே குடிக்காத ஆளு அவரு ஒருத்தருதான். சாவும்போது அவரு காதுல வுழுந்த பேச்சு அதுவா இருந்துச்சே."

"அவளை அனுப்பும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லத்தான் ராஜாம்பாள் இவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள். அதைச் சொல்லாமலே திரும்பினாள். கவியா ஓடை வரைக்கும் கூட வந்தாள். இலக்கியாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடிவாரத்தில் ராஜாம்பாள் நேராகச் சின்னராசு வீட்டுக்குப் போய், வெள்ளச்சி சொன்னதை அப்படியே சொன்னாள். சின்னராசு முற்றத்தில் நின்று கேட்டார். உள்ளே கதவோரம் இலக்கியாவும் நின்று கேட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சின்னராசு தனியாக மலைக்குப் போனார். கரும்பு வண்டிகள் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், எல்லாவற்றையும் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனார். வெள்ளச்சி கதவைத் திறக்கவில்லை. கடைசி பஸ் நேரம்வரை வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். மறுவாரமும் போனார். அந்த முறை ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, திரும்பிப் போகச் சொன்னார்கள். வந்துவிட்டார்.

மூன்றாவது முறை வெள்ளச்சி வெளியே வந்தாள். சின்னராசு கும்பிட்டார்.

"எங்கிட்ட சொல்லாதீங்க. அவரு குடிக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "எங்கூரு ஆளுங்களக் கூப்பிடறேன். அன்னிக்கு அவரத் தூக்கியாந்தவங்க இருப்பாங்க. அவங்க எதிர்ல சொல்லிட்டுப் போங்க."

ஆட்கள் வந்தார்கள். ஆண்களும் பெண்களுமாக முப்பது பேர் இருக்கும். சின்னராசு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "காத்தான் அன்னிக்குக் குடிச்சிருக்கல. நான்தான் அபாண்டமா சொன்னேன். என் பேச்சக் கேட்டுத்தான் மத்தவங்க சிரிச்சாங்க. நான் வழி வுட்டிருந்தா ஆஸ்பத்திரி வரைக்குமாவது போயிருப்பாரு."

யாரும் அவரை அடிக்கவில்லை. சரி போகட்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. வெள்ளச்சி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கவியா உள்ளேதான் இருந்தாள். சின்னராசு மூன்று மைலும் நடந்து வந்து வெள்ளிமலையில் பஸ் ஏறினார். அன்றிரவு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அங்கே நடந்ததையெல்லாம் சொன்னார். இதைப் பச்சையம்மாள்தான் பிறகு ராஜாம்பாளிடம் சொன்னாள். அதற்கப்புறம் இலக்கியா கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்க ஆரம்பித்தாளாம்.

கவியா திரும்பி வரவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் வெள்ளச்சி மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். மலையின் அந்தப் பக்கம், கருமந்துறையில் விடுதி இருக்கிறதாம். சொந்தக்காரர் ஒருவர் சேர்த்துவிடுகிறேன் என்றிருக்கிறார். முழுப்பரீட்சை எழுதாமல் விட்டதால் மறுபடி ஐந்தாவதிலேயே உட்கார வேண்டும்.

ராஜாம்பாள் சான்றிதழை எழுதினாள். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் 'காத்தான் (இறப்பு)' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். வெள்ளச்சிக்கு எழுத்து தெரியாது.

"அவரு பேரு எங்க இருக்குது டீச்சர்?" என்று கேட்டாள்.

ராஜாம்பாள் விரலை வைத்துக் காட்டினாள். வெள்ளச்சி குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.